பழைய பம்ப் ரைஃபிளா, புதியதா? பூட்டுப்பற்களும் தோட்டா அறையும் சொல்லும் விடை

வேட்டைத் துப்பாக்கிகளுள் பம்ப் ரைஃபிள் எனப்படுவது, குழலுக்குக் கீழே ஒரு கை பற்றியிருக்கும் முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுவதன் மூலம், சுட்டு முடித்த தோட்டாவின் வெற்று உறையை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிக்கொள்ளும் வகையாகும். பெரும்பாலான வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் போல்ட் ரைஃபிளில், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் விசையிலிருந்து கையை எடுத்துப் பக்கவாட்டிலுள்ள நெம்புகோலைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மீண்டும் தாழ்த்த வேண்டும். பம்ப் ரைஃபிளிலோ விசைமேல் இருக்கும் விரலும் குறிமேல் இருக்கும் கண்ணும் தத்தம் இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை. மரங்கள் அடர்ந்த காட்டில் ஓரிரு நொடி மட்டுமே கண்ணில் பட்டு மறையும் மானை வேட்டையாடுபவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

இந்த வகை ரைஃபிள் உலகெங்கும் பரவியதில்லை. அது வேரூன்றிய நிலம் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி, அதாவது பென்சில்வேனியா, நியூயார்க், வெர்மான்ட், மெய்ன் ஆகிய மாநிலங்களின் காடுகள் ஆகும். பனியில் பதிந்த தடத்தைப் பின்பற்றியே பெரிய கலைமான்களைத் தேடிச் சென்ற வெர்மான்ட்டின் லாரி பெனாய்ட்டும் அவருடைய மகன்களும் 1970களில் வேட்டை இதழ்கள் வழியாகப் புகழ் பெற்றபோது, அவர்கள் கையிலிருந்த ரெமிங்டன் பம்ப் ரைஃபிளும் சேர்ந்தே புகழ் பெற்றது. பென்சில்வேனியாவில் இதற்குச் சட்டமும் துணை நின்றது. விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைஃபிளால் மான் போன்ற பெரிய விலங்குகளைச் சுடுவதை அம்மாநிலம் நெடுங்காலமாகத் தடுத்து வருகிறது. 2016இல் சட்டமன்றம் இதில் முடிவெடுக்கும் அதிகாரத்தை மாநில வேட்டை ஆணையத்திடம் அளித்த பிறகும், 2017இல் அந்த ஆணையம் சிறு விலங்குகளுக்கும் மென்மயிர் விலங்குகளுக்கும் மட்டுமே அத்தகைய ரைஃபிளை அனுமதித்து, மான் வேட்டைக்கான தடையை அப்படியே வைத்துக்கொண்டது. சட்டத்துக்கு உட்பட்டு விரைவாக இரண்டாம் முறை சுட விரும்புபவர் அங்கே பம்ப் ரைஃபிளைத் தேடிச் செல்வது இதனால்தான். ஆஸ்திரேலியாவில் 1996ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கி உடன்பாட்டுக்குப் பின் அரைத் தானியங்கிகள் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, அங்கும் இந்த வகையின்மேல் கவனம் திரும்பியது.

இத்தகைய ரைஃபிளை இன்று வாங்க எண்ணுபவருக்கு முன் இருப்பவை பெரும்பாலும் பழைய பொருள்களே என்பதால், எந்தத் தலைமுறையைத் தேர்வது என்னும் கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. கோல்ட் நிறுவனம் 1884இல் வெளியிட்ட லைட்னிங் என்னும் பம்ப் ரைஃபிள் கரும்வெடிமருந்துக் காலத்துப் படைப்பு. அது இன்று அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் உரியது. வேட்டைக்காரர் உண்மையில் ஒப்பிட்டுப் பார்ப்பது ரெமிங்டன் நிறுவனத்தின் மூன்று தலைமுறைகளை: 1912இல் வந்த மாடல் 14உம் அதன் திருத்தமாக 1950 வரை ஆலையிலிருந்து வெளிவந்த 141உம் முதலாவது; 1952 முதல் 1981 வரை பத்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட மாடல் 760 இரண்டாவது; 1981இல் அதன் இடத்துக்கு வந்த 7600உம், அதனுடனேயே பளபளப்பான மெருகோடு வெளியான மாடல் சிக்ஸும் மூன்றாவது.

முதல் தலைமுறையின் அறிவியல் சுவை அதன் தோட்டாக் குழாயில் இருக்கிறது. குழலுக்குக் கீழே நீளமான குழாயில் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் முறையில், ஒவ்வொரு தோட்டாவின் முனையும் அதற்கு முன்னிருக்கும் தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த அடிப்பகுதியின் நடுவில்தான், ஊசி குத்தியதும் பற்றி வெடிமருந்தை எரிக்கும் சிறிய மூடி பதிக்கப்பட்டிருக்கிறது. சுடும்போது எழும் பின்னுதைப்பில் குழாயிலுள்ள தோட்டாக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதால், குண்டின் முனை கூராக இருந்தால் அதுவே ஊசியாகி முன்னுள்ள தோட்டாவைக் குழாய்க்குள்ளேயே வெடிக்கச் செய்துவிடலாம். கூர்முனைக் குண்டுகளே காற்றைக் கிழித்து வேகம் குறையாமல் தொலைவு செல்பவை என்பதால், மழுங்கிய முனையோடு நிறைவடைவது ஒரு பின்னடைவாகவே இருந்தது. மாடல் 14ஐ வடிவமைத்த ஜான் பெடர்சன் இதற்குக் கண்ட தீர்வு, குழாயின் சுவரையே திருகுபோல் முறுக்கிவிடுவதாகும். முறுக்கிய குழாய்க்குள் தோட்டாக்கள் சற்றுச் சாய்ந்து நிற்பதால், ஒன்றின் முனை முன்னதன் மூடியில் படாமல் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. நகரும் உறுப்பு எதையும் கூட்டாமல், உலோகத் தகட்டின் வடிவத்தாலேயே ஒரு விபத்தைத் தடுத்த இந்தச் சிந்தனைக்கு இணையான எளிமை அந்தக் காலத்துத் துப்பாக்கி வரலாற்றில் அரிது.

ஆயினும் 14உம் 141உம் இன்றைய வேட்டைக்கு ஏற்றவையா என்றால், தடையாக நிற்பது அவற்றின் பொறியமைப்பு அன்று, அவற்றுக்கான தோட்டாக்களே. அவை .25, .30, .32, .35 ரெமிங்டன் என்னும் தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்டவை, இவற்றுள் .35 மட்டுமே நவீனக் காலம்வரை வணிக வழக்கில் நீடித்தது, மற்ற மூன்றையும் தேடிப் பிடிப்பதே தனி உழைப்பாகும். .35 ரெமிங்டனில் அமைந்த நல்ல 141 ஒன்று கிடைத்து, நூற்றைம்பது மீட்டருக்குள்ளான காட்டு வேட்டைக்கே அது பயன்படப் போகிறது என்றால், அது இன்றும் தன் வேலையைச் செய்யும். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர் 760ஐயும் 7600ஐயும் நோக்கியே வர வேண்டும்.

1952இல் 760 வந்தபோது இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தன. நீள் குழாய் போய், கீழிருந்து கழற்றக்கூடிய நான்கு தோட்டாப் பெட்டி வந்ததால் முனைகள் மூடிகளைத் தொடும் சிக்கல் முற்றிலும் மறைந்தது. போர்க்களத்திலிருந்து வேட்டைக்கு வந்த .30-06 போன்ற உயர் அழுத்தத் தோட்டாவைத் தாங்கும் சுழல் பூட்டும் அமைந்தது. அழுத்தம் என்பதை இங்கே விளக்கிக்கொள்ள வேண்டும். வெடிமருந்து எரியும்போது எழும் வாயு, குண்டை முன்னோக்கித் தள்ளும் அதே அழுத்தத்தோடு தோட்டா உறையின் அடிப்பகுதியைப் பின்னோக்கியும் தள்ளுகிறது. .30-06க்கு அமெரிக்கத் தொழில்தரம் வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு; .35 ரெமிங்டனுக்கு அது 33,500 பவுண்டு மட்டுமே. ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள உறையடியின் பரப்பால் முதல் எண்ணைப் பெருக்கினால், சுடும் கணத்தில் பூட்டின்மேல் நான்கு முதல் ஐந்து டன் எடைக்கு நிகரான விசை பாய்வதற்கு இடமுண்டு என்பது தெரியும். உறை, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் சுவரில் ஒட்டிக்கொள்வதால் இதில் ஒரு பகுதி குறையும் என்றாலும், அந்த ஒட்டுதலை நம்பி எந்தப் பொறியாளரும் பூட்டை வடிவமைப்பதில்லை.

இந்த விசையைத் தாங்குபவை பூட்டுப்பற்கள். போல்ட் எனப்படும் பூட்டுத்தண்டின் தலையில் புடைத்து நிற்கும் எஃகுப் புடைப்புகள் அவை. முன்கைப்பிடி முன்னோக்கி வந்து முடியும்போது தலை சுழன்று, பற்கள் குழலின் பின்முனையோடு இணைந்த வளையத்திலுள்ள பள்ளங்களுக்குள் புகுந்து பூட்டிக்கொள்கின்றன. குழலும் பூட்டும் இவ்வாறு நேரடியாக ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், வெடிப்பின் முழு விசையும் அந்த இரண்டு எஃகு உறுப்புகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இவற்றைச் சூழ்ந்திருக்கும் உடற்கூடு அதைத் தாங்க வேண்டியதில்லை. 760க்கும் 7600க்கும் பொதுவான இந்த அடிப்படையே அவ்விரண்டின் பெருமையும் ஆகும்.

வேறுபாடு பற்களின் எண்ணிக்கையில் தொடங்குகிறது. 760இன் பூட்டுத்தலையில் இடையிடையே வெட்டி விடப்பட்ட திருகுமரையைப் போன்ற வரிசைகளில் 14 சிறு பற்கள் உள்ளன; 7600இல் அவற்றுக்குப் பதில் நான்கு பெரிய பற்கள் உள்ளன. பதினான்கு என்பது நான்கைவிட வலிமையானது என்று பழைய ரைஃபிளின் அன்பர்களும், பெரிய பல்லே உறுதியானது என்று புதியதன் அன்பர்களும் வாதிடுவது வழக்கம். இரு தரப்பும் எண்ணிக்கையை மட்டும் பார்க்கின்றன. பூட்டின் வலிமையை முடிவு செய்வது, எல்லாப் பற்களின் அடிப்பரப்பும் சேர்ந்த மொத்த அளவும், அவற்றுள் எத்தனை பற்கள் ஒரே நேரத்தில் உண்மையாகவே பாரத்தை ஏற்கின்றன என்பதும் ஆகும். பதினான்கு பற்களும் பதினான்கு பள்ளங்களின் சுவரில் ஒரே கணத்தில் சரியாகப் படிய வேண்டுமானால், ஒவ்வொன்றும் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் நுண்ணிய துல்லியத்தோடு கடைசல் செய்யப்பட வேண்டும். அவ்வளவு துல்லியம் வாய்க்காதபோது தொடக்கத்தில் சில பற்கள் மட்டுமே பாரத்தைத் தாங்கி, அவை இம்மியளவு அமுங்கிய பின்னரே மற்றவை துணைக்கு வரும். நான்கு பற்களைச் சீராகப் படியச் செய்வது எளிது, செலவும் குறைவு. வலிமையில் தோற்றவர் யாருமில்லை என்பதற்கு ஒரு சான்று போதும்: .30-06ஐவிட உயர்ந்த, சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு அழுத்தம் கொண்ட .270 வின்செஸ்டர் தோட்டாவுக்கு இரண்டு மாடல்களுமே விற்கப்பட்டன. ஆகவே பற்களின் எண்ணிக்கையைக் காட்டி 760ஐ ஒதுக்குவதும் உயர்த்துவதும் ஒருசேரப் பிழையாகும்.

சிறு பற்கள் நிறைந்த பூட்டுக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது வேறு ரைஃபிளால். 760இன் பூட்டமைப்பையே எடுத்துக்கொண்டு, வாயு விசையால் தானே இயங்குமாறு ரெமிங்டன் செய்த மாடல் 742 என்னும் அரைத் தானியங்கி 1960 முதல் 1980 வரை விற்பனையில் இருந்தது. சுட்டதும் வாயு அதன் பூட்டை மிகுந்த வேகத்தோடு பின்னால் எறியும். அப்போது பூட்டிலிருந்து விடுபட்ட பற்கள் உடற்கூட்டின் உட்புறத் தடங்களை உரசியும் இடித்தும் செல்வதால், ஆண்டுகள் போகப் போக அத்தடங்களில் பள்ளங்கள் விழுந்து, பூட்டு சிக்கத் தொடங்கும். உடற்கூட்டை மாற்றாமல் இதைச் சீர்செய்ய இயலாது என்பதால், இந்த நிலையை எட்டிய 742 பெரும்பாலும் கைவிடப்பட்டது. 760இன் பூட்டும் அதே வடிவம்தானே என்று அஞ்சுவோர் ஓர் அடிப்படை இயற்பியலை நினைவில் கொள்ளலாம்: மோதும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுகிறது. மனிதக் கை இழுக்கும் வேகம் வாயுவின் வேகத்தைவிடப் பல மடங்கு குறைவு என்பதால், 760இன் தடங்கள் அரை நூற்றாண்டு கழிந்தும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. இருப்பினும் பழைய ஒன்றை வாங்குமுன் முன்கைப்பிடியைப் பின்னிழுத்து, வெளியேற்றும் துளை வழியே விளக்கொளியில் தடங்களைப் பார்ப்பது நல்லது. செலவில்லாத சோதனை அது.

பம்ப் ரைஃபிளின் உண்மையான பலவீனம் இரு தலைமுறைகளுக்கும் பொதுவானது. விற்பவரும் வாங்குபவரும் அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றனர். சுட்ட தோட்டா உறையை அறையிலிருந்து பிடுங்குவதே அந்தப் பலவீனம். அழுத்தம் எழும் கணத்தில் பித்தளை உறை விரிந்து அறையின் எஃகுச் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் எஃகும் பித்தளையும் தத்தம் மீள்தன்மைக்கேற்பச் சுருங்குகின்றன. இந்தச் சுருக்கத்தில் பித்தளை சற்றுக் கூடுதலாகப் பின்வாங்குவதால் மயிரிழை அளவு இடைவெளி கிடைக்கிறது, அந்த இடைவெளியாலேயே உறை வெளியே வருகிறது. போல்ட் ரைஃபிளில் நெம்புகோலைத் தூக்கும்போதே ஒரு சாய்ந்த பரப்பு நெம்புவிசையைப் பெருக்கி, ஒட்டிய உறையை முதலில் தளர்த்திவிடும். பம்ப் ரைஃபிளில் அத்தகைய பெருக்கம் பேரளவுக்கு இல்லை. கையின் நேர் இழுவிசையே உறையைப் பெயர்க்க வேண்டும்.

இந்த நிலையில் அறையின் சுவரில் துருவின் நுண்குழிகள் இருந்தால், அழுத்தத்தின்போது பித்தளை அக்குழிகளுக்குள் பிதுங்கி, ஆயிரம் சிறு சாவிகளால் பூட்டியதைப் போல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பனிக்காட்டில் நாள் முழுதும் குளிர்ந்த ரைஃபிளை மாலையில் கணப்புச் சூட்டோடு இருக்கும் குடிலுக்குள் கொண்டுவந்தால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த எஃகின்மேல் நீர்த்துளிகளாகப் படிகிறது. குழலின் வெளிப்புறத்தைத் துடைக்கும் வேட்டைக்காரர் அறைக்குள் படிந்த ஈரத்தைக் காண்பதில்லை. பல ஆண்டுகள் இவ்வாறு கழிந்த அறை வெளிப்பார்வைக்குப் புதிதாகவே தோன்றும், சுட்ட பிறகே தன் நிலையைக் காட்டும். வெற்று உறையில் மீண்டும் மருந்தடைத்துப் பயன்படுத்துவோர், உறையின் கழுத்தை மட்டும் இறுக்கிக்கொள்ளும் சிக்கனத்தைப் பம்ப் ரைஃபிளில் கைவிட்டு, முழு உடலையும் ஆலை அளவுக்குத் திரும்ப இறுக்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதும் இதே காரணத்தால்தான். உறை ஒட்டிக்கொண்டால் துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் ஓங்கி இடித்துப் பிடியை இழுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. தோட்டா உள்ளிருக்கும் துப்பாக்கியின் வாயை மேல்நோக்கி நிறுத்தி இடிப்பது உயிரோடு விளையாடுவது. எந்தச் சூழலிலும் அது செய்யத்தக்கதன்று.

760க்கும் 7600க்கும் இடையே துல்லியத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. கட்டை இரண்டு துண்டாக இருப்பதாலும், முன்கைப்பிடி நகரும் உறுப்பு என்பதாலும், போல்ட் ரைஃபிளின் இறுக்கம் இவற்றுக்கு வாய்ப்பதில்லை. எனினும் காட்டில் மான் நிற்கும் தொலைவுக்கு இவற்றின் துல்லியம் தாராளமாகப் போதும். முன்கைப்பிடி சற்றே ஆடி ஒலி எழுப்பும் குறையும் இரண்டுக்கும் உண்டு. விசையமைப்பு 1950இல் வந்த ரெமிங்டன் 870 பம்ப் ஷாட்கன்னின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பறவை வேட்டையில் 870க்குப் பழகிய கை ரைஃபிளை எடுக்கும்போது எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இதிலும் தலைமுறை வேறுபாடு இல்லை.

வேறுபாடு தெளிவாகத் தெரிவது செய்நேர்த்தியில். தொடக்கக் கால 760களின் முன்கைப்பிடியில் சோளக்கதிர் எனச் செல்லமாக அழைக்கப்பட்ட வரிப்பள்ளங்களும், உடற்கூட்டில் ஆழ்ந்த நீல மெருகும் உண்டு. பின்னாளில் மரத்தில் செதுக்க வேண்டிய பிடிக்கோடுகளை அச்சால் அழுத்திப் பதிக்கும் மலிவு முறை நுழைந்தது; ஆகவே பழையது எல்லாமே நுண்வேலை என்று கொள்வதற்கில்லை. 1980களின் 7600கள் ஒழுங்கான வேலைப்பாடு உடையவை. 2007இல் நிறுவனம் செர்பரஸ் என்னும் முதலீட்டுக் குழுமத்தின் கைக்கு மாறிய பின் வந்தவற்றில் மங்கலான மெருகும் கரடான முடிப்பும் மிகுந்தன என்பது வேட்டைக்காரர்களிடையே பரவலாக நிலவும் கருத்தாகும். 2018இலும் 2020இலும் திவால் நடவடிக்கைக்கு உள்ளான ரெமிங்டன் துண்டு துண்டாக ஏலம் போனது. 1816இல் தொடங்கிய மரபின் தாயகமான நியூயார்க் மாநிலத்து இலியன் ஆலையும் 2024இல் மூடப்பட்டது. உதிரி உறுப்புகளை நிறுவனத்திடமே கேட்டுப் பெறலாம் என்று 7600ஐ உயர்த்திப் பேசிய பழைய வாதம் இதனால் பெரிதும் வலுவிழந்துவிட்டது.

ஒரு ரைஃபிளின் வயதை அறிய விற்பவரின் சொல்லை நம்ப வேண்டியதில்லை. குழலின் இடப்புறம், உடற்கூட்டை ஒட்டி, சிறிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எழுத்து மாதத்தையும் அடுத்தது ஆண்டையும் குறிக்கும். கரும்வெடிமருந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளோடு இறுதியில் ஓர் எக்ஸ் சேர்த்துக் கிடைக்கும் பன்னிரண்டும் முறையே சனவரி முதல் டிசம்பர் வரைக்கும் உரிய குறிகளாகும். குழல் பின்னர் மாற்றப்பட்டிருந்தால் இக்குறி குழலின் வயதையே சொல்லும் என்பதையும் கருத வேண்டும்.

தோட்டாவின் தேர்விலும் கவனம் வேண்டும். 760 நெடுங்காலம் விற்பனையில் இருந்ததால் .257 ராபர்ட்ஸ், .222 ரெமிங்டன் போன்ற அரிய தோட்டாக்களிலும் கிடைக்கிறது. அவை சேகரிப்பாளரால் விலை ஏறியவை, காட்டுக்குக் கொண்டுபோக வாங்கத்தக்கவை அல்ல. .300 சாவேஜ் நல்ல தோட்டாவே எனினும் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. .30-06, .308, .270 ஆகிய மூன்றுமே இரு மாடல்களிலும் நிறைய உண்டு. எந்தச் சிற்றூரிலும் அவற்றுக்கான தோட்டா கிடைக்கும்.

ஆகவே, காட்டில் பயன்படுத்துவதற்காகவே வாங்குபவருக்கு முதல் தெரிவு 1980களிலோ 1990களிலோ செய்யப்பட்ட, .30-06க்கோ .308க்கோ அமைந்த 7600 ஆகும். நான்கு பெரிய பற்களும் ஒழுங்கான வேலைப்பாடும் கூடி வந்த காலம் அது. நன்கு பேணப்பட்ட 760 அதற்கு ஒரு படியும் தாழ்ந்ததன்று, விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கடைசி ஆண்டுகளின் 7600ஐப் புதுமைக்காக மட்டும் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. எதைத் தேர்ந்தாலும், பூட்டிய பூட்டுக்கும் அறையில் அமர்ந்த தோட்டாவின் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவரைக் கொண்டு அளவுகோலால் அளக்கச் செய்து, அறையின் சுவரை விளக்கிட்டுப் பார்க்கச் செய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். துருப்பிடித்த அறையுள்ள 7600ஐவிடத் தூய அறையுள்ள 1955ஆம் ஆண்டின் 760 எல்லா வகையிலும் மேலானது.